வென்டிலேட்டரில் நான் முதலில் தேடும் பட்டன்

எங்கள் ஐசியுவில் மூன்று வருடமாக ஓடும் வென்டிலேட்டர் இது. மூச்சை உள்ளே நிறுத்திப் பார்க்கும் ‘ஹோல்ட்’ பட்டன் மெனுவுக்குள் ஒளியாமல் திரை ஓரத்திலேயே இருக்கிறது. அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

நேற்றிரவு நிமோனியா நோயாளி ஒருவருக்கு காற்று உள்ளே போகும்போதைய உச்ச அழுத்தம் 38 என்று அலாரம் அடித்தது. ஹோல்டை அழுத்தி மூச்சை அரை நொடி நிறுத்தினேன். பிளாட்டோ, அதாவது காற்றோட்டம் நின்றதும் நுரையீரலில் இருக்கும் அழுத்தம், 22தான்; பீப், அதாவது மூச்சை விட்ட பிறகும் உள்ளே மிஞ்சும் அழுத்தம், 8. உள்ளே போன 420 மில்லி காற்றை இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 14ஆல் வகுத்தால் கம்ப்ளையன்ஸ், அதாவது நுரையீரல் விரிந்துகொடுக்கும் அளவு, 30. நுரையீரல் இறுக்கம்தான், ஆனால் உச்சத்துக்கும் பிளாட்டோவுக்கும் 16 வித்தியாசம் என்றால் தடை காற்றுப் பாதையில். சளியை உறிஞ்சினோம், உச்சம் 30க்கு இறங்கியது.

ஒரு குறை: ஹோல்டின்போது நோயாளி தானாக மூச்சிழுத்தாலும் எச்சரிக்காமல் ஒரு எண்ணைக் காட்டிவிடும். அழுத்தக் கோடு சமமாக நின்ற பிறகே சார்ட்டில் எழுதுங்கள்.