மாடி வெக்கைக்குத் தகர ஷெட்டா, வெள்ளை டைல்ஸா?

கடலூரில் மாடி வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் கீழே ஃபேன் போட்டால் போதும். படியேறி மேல் அறைக்குள் நுழைந்தால் அனல். அதுவும் பகலைவிட ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் மோசம். பகலெல்லாம் வாங்கிய வெயிலை கான்கிரீட் தளம் அந்த நேரத்தில்தான் கீழே இறக்குகிறது. ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். அந்தச் சூட்டைத்தான் ஃபேன் நம் மேல் தள்ளுகிறது.

சுவரைவிட மொட்டைமாடியில்தான் வெயில் அதிகம் இறங்குகிறது. ஏப்ரல் 21ஐ ஒட்டி நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே விழாமல் போகும். ஆகஸ்டில் மறுபடி ஒருமுறை. கீழ்த்தளத்துக்கு மேல்தளமே குடை. மேல்தளத்துக்கு ஒன்றுமில்லை. ஆக, இரண்டுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறைய வேண்டுமென்றால் மொட்டைமாடியில்தான் செலவு செய்ய வேண்டும்.

ஏசி? எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அது அறைக்கு மட்டும்தான். கதவைத் திறந்து வைத்தால் குளிர்ந்த காற்று படி வழியாகக் கீழே இறங்கிவிடும், தளம் சூடாக இருக்கும்வரை கம்ப்ரசருக்கும் ஓய்வில்லை. வெள்ளை கூலிங் பெயிண்ட்தான் எல்லாவற்றிலும் மலிவு. முதல் கோடையில் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழைக்குப் பிறகு பாசியும் புழுதியும் படிந்து மங்கிவிடும். சில வருடத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி மறுபடி அடிக்க வேண்டும். வாடகை வீடென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சொந்த வீட்டுக்கு மிச்சம் இரண்டு: தகர ஷீட் போட்ட ஷெட், வெள்ளை கூலிங் டைல்ஸ். எங்களுக்குச் சொன்ன விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாங்கள் டைல்ஸ் போட்டோம்.

ஷெட்டின் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். உயரமாகத் தூக்கி, நான்கு பக்கமும் திறந்து விட்டால் நிழலும் கிடைக்கும், ஷீட்டின் சூட்டைக் காற்றும் கொண்டுபோய்விடும். மழைக்காலத்தில் துணி காயும், வீட்டு விசேஷத்துக்குப் பந்தி போடலாம். தாழ்வாகப் போட்டுப் பக்கத்தையும் அடைத்துவிட்டால் மட்டும் நடுவில் அனல் தேங்கிக்கொள்ளும்.

என்னைத் தடுத்தது பராமரிப்பு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக்காற்று முதலில் தின்பது ஷீட்டை அல்ல, அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை. தலைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் வெடிக்கும், அந்த விரிசலில் தண்ணீர் நிற்கும், துளையைச் சுற்றித் துரு பிடிக்கும். கைப்பிடிச் சுவரில் பழுப்புக் கோடு இறங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். அதற்குள் ஷீட்டின் பிடி தளர்ந்திருக்கும். பிடி தளர்ந்த ஷீட் புயலில் என்ன செய்யும் என்பதை 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையேறியபோது இந்த மாவட்டம் பார்த்தது. புதுச்சேரியில் சித்தப்பா வீட்டு ஷீட் ஒன்று அடுத்த தெருவில் கிடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்த ராத்திரியும், அவர் தூங்காமல் மாடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாராம். வருடா வருடம் புரட்டாசியில் ஆள் விட்டு ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்ப்பவர்கள் ஷெட் போடலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

டைல்ஸுக்கு வேலை குறைவு. தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். வெண்மை இருக்கும்வரை வெயிலைத் திருப்பி அனுப்பும். இப்போது மத்தியானம் வெறுங்காலோடு வடாம் பிழியப் போக முடிகிறது. ராத்திரி மேல் அறையில் வெக்கை அறவே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மேல்காற்று வலுத்து கடல்காற்று தாமதிக்கும் நாட்களில் இன்னும் புழுக்கம்தான். மற்ற நாட்களில் ஏசி இல்லாமல் தூங்குகிறோம்.

தொல்லையும் உண்டு. கண் கூசும். வழவழப்பான ரகம் மழையில் வழுக்கும், சொரசொரப்பானதாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் ஓடும்படி வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பதிக்கும் முன்பே ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். பழைய தட்டோட்டின் மேலேயே பதிப்பதென்றால் கூடும் பாரத்தைத் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இணைப்புகளில் அடைத்த பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நாங்கள் போட்டு அதிக காலம் ஆகவில்லை.

எதைப் போட்டாலும் செலவில்லாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்ததும் கீழ்த்தள ஜன்னல்களையும் மொட்டைமாடிக் கதவையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். சூடான காற்று படி வழியாக மேலேறி வெளியே போகும், அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். கதவுக்குக் கொசுவலை அடித்துவிட்டால் ராத்திரி முழுக்கவே திறந்து வைக்கலாம்.