மஞ்சள்தூளா, உப்புத் தண்ணீரா?

தெருவில் கிடந்த பாட்டில் சில்லை மிதித்துவிட்டு எங்கள் நாய் மணி மூன்று காலில் நொண்டி வந்தான். அம்மா உடனே மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துவிட்டார். கைக்கு எட்டும் என்பதைத் தவிர அதில் பெரிய வசதி இல்லை. பொடி ரத்தத்தோடு சேர்ந்து கட்டிதட்டிவிடும். உள்ளே சில்லு இருந்தாலும் தெரியாது. நாயோ நக்கியே தீர்த்துவிடும்.

என் ஓட்டு உப்புத் தண்ணீருக்குத்தான். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு. விரலிடுக்கில் மெல்ல ஊற்ற ஊற்ற மண் போய்விடும். மணிக்கு அப்படித்தான் கடுகளவு சில்லு ஒன்று வெளியே வந்தது. உறுமினான், சரி, வலிக்காதா பின்னே!

அப்புறம் சுத்தமான துணியால் 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காமல். சில்லு ஆழமாகக் குத்தியிருந்தால் பிடுங்கவோ அழுத்தவோ வேண்டாம். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்; 10 நிமிடத்தில் ரத்தம் நிற்காவிட்டாலும் அங்கேதான்.