டாய் ட்ரெயின் 'கன்ஃபர்ம் சீட்' என்று யாராவது சொன்னால்

இந்தக் கோடையில் குழந்தைகளோடு ஊட்டிக்குக் கிளம்புகிறவர்கள், அதிலும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போக நினைப்பவர்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். போன மே மாதம் நாங்கள் 9,500 ரூபாயைப் பறிகொடுத்தோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஐந்தாவது பிறந்தநாள் அன்று பையனை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் இறக்க வேண்டி வந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

என் மகனுக்கு ரயில் பைத்தியம். நீலகிரி மலை ரயில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் மனப்பாடம். கல்லாறு தாண்டினால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த சட்டம் வரும், நீராவி என்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பான். பிறந்தநாளுக்கு என்னடா வேண்டும் என்றால் "தள்ற ட்ரெயின்" என்றான். சரி, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேராகப் போய் வரலாம் என்று முடிவு செய்தோம்.

முதல் தப்பு என்னுடையதுதான். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். நான் பார்த்தது மூன்று வாரம் இருக்கும்போது. மே மாதம், காலை 7.10 வண்டி, இடம் எங்கே இருக்கும்? வெயிட்டிங் லிஸ்ட் நீண்டு கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. டாய் ட்ரெயின் கன்ஃபர்ம் சீட், இ-பாஸ், பர்த்டே டெக்கரேஷன், எல்லாம் ஒரே பேக்கேஜில்.

கூப்பிட்டேன். அவ்வளவு பணிவான பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை அண்ணா. ஒரு இடத்தில் என்னை முழுசாக நம்பவைத்தான். "பையனுக்கு அஞ்சு முடியலைன்னா டிக்கெட்டே வேண்டாமே அண்ணா, எதுக்கு வீணா ஒரு சீட் காசு?" என்றான். நம் காசை மிச்சம் பிடித்துத் தருகிறானே என்று உருகிப்போனேன். "இல்லப்பா, அன்னைக்குத்தான் அஞ்சு முடியுது, முறைப்படி எடுத்துடு" என்று அவனிடம் போய் நான் நேர்மை காட்டியிருக்கிறேன். இதைச் சொல்லி என் மனைவி இன்றைக்கும் சிரிப்பாள்.

ஆளுக்கு 1,300 வீதம் 6,500. அறை அலங்காரத்துக்கு 2,500. இ-பாஸுக்கு 500. இந்த 500ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது, அரசு இணையதளத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம். ரயிலிலோ அரசுப் பேருந்திலோ போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. ரயில் டிக்கெட் விற்கிறவன் இ-பாஸுக்கும் காசு கேட்கும்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். பணம் போன கணக்கில் வேறொருவர் பெயர் வந்தது. "மச்சான் கணக்கு அண்ணா" என்றான். அதையும் விழுங்கினேன்.

டிக்கெட்டின் நிலவரத்தைப் பார்க்க உதவும் பி.என்.ஆர். எண்ணை மட்டும் கடைசிவரை தரவில்லை. சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) ஆனதும் அனுப்புகிறேன், முன்னாடியே வெளியில் விட்டால் யாராவது கேன்சல் பண்ணிவிடுவார்கள் என்று ஒரு கதை. நாங்கள் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, அரக்கோணம் தாண்டும் நேரத்தில் பி.டி.எஃப். வந்தது. ஐந்து பெயரும் வயதும் சரியாக இருந்தன. பெட்டி எண், இருக்கை எண், பக்கத்தில் கன்ஃபர்ம் என்ற சொல். மகன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினான்.

காலையில் மேட்டுப்பாளையத்தில் எதிர் நடைமேடை, நீல வண்டி, பின்னால் ஆவி விட்டுக்கொண்டு என்ஜின். ஏறி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் கோவைக்காரக் குடும்பம் ஒன்று வந்து, "இது எங்க சீட்டுங்களே" என்றது. டிக்கெட் பரிசோதகர் எண்ணைத் தட்டிப் பார்த்தார். "சார், இது வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட். கன்ஃபர்ம் ஆகலை, சார்ட் போட்டதும் தானா கேன்சல் ஆயிடுச்சு. பி.டி.எஃப்.ல எழுத்தை மாத்தியிருக்காங்க. இந்த மாசம் நீங்க முதல் ஆள் இல்லை" என்றார். திட்டவில்லை, அபராதமும் போடவில்லை. நல்ல மனிதர்.

அவன் செய்தது இதுதான். டிக்கெட் பொய்யில்லை. எங்கள் பெயரிலேயே உண்மையான வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் எடுத்திருக்கிறான். அதிர்ஷ்டவசமாகக் கன்ஃபர்ம் ஆகிவிட்டால் லாபம், நாமும் வாழ்த்திவிட்டுப் போவோம். ஆகாவிட்டால் அது தானாக ரத்தாகும், ரீஃபண்ட் யார் ஐடியில் பதிவு செய்ததோ அவர் கணக்குக்கே போகும். அதாவது அவனுக்கு. டிக்கெட் காசும் திரும்பிவிட்டது, நாங்கள் கொடுத்ததும் அவனிடமே. பி.என்.ஆர். கையில் இருந்திருந்தால் ரயில்வே உதவி எண் 139க்கு ஒரு எஸ்.எம்.எஸ். போட்டு அன்றைக்கே நிலவரம் தெரிந்துகொண்டிருப்பேன். அதனால்தான் ரயில் கிளம்பும்வரை இழுத்திருக்கிறான்.

வண்டி எங்களை விட்டுவிட்டுப் போனது. பையன் அழவில்லை. என்ஜின் பின்னால் இருந்ததால் அது கடைசிவரை அவன் கண்ணுக்குத் தெரிந்தது. கை காட்டினான்.

அப்புறம் அரசுப் பேருந்தில் குன்னூர் போனோம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே பகலில் தனி வண்டிகள் ஓடுகின்றன. எங்களுக்கு அங்கே டிக்கெட் கிடைத்தது. ஏறியதும் பையன் எட்டிப் பார்த்தான். "அப்பா, இது டீசல்." குன்னூரோடு நீராவி என்ஜின் முடிந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் லவ்டேல் வருவதற்குள் பாட்டி மடியில் உட்கார்ந்து வர்க்கி தின்றுகொண்டே ரயில் மாதிரி ஊளையிட ஆரம்பித்துவிட்டான். லாட்ஜ் நாங்களே பதிவு செய்தது, அது தப்பித்தது. அலங்காரமா, அப்படி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே என்றார்கள். சேரிங் கிராஸ் பக்கம் ஒரு பேக்கரியில் கேக் வாங்கி, நாலு பலூன் ஊதிக் கட்டினோம்.

அந்த ஆள் முதல் நாள் "சிஸ்டம் எரர் அண்ணா, ஏழு வேலை நாள்ல பணம் வந்துடும்" என்றான். எட்டாம் நாள் எண்ணை பிளாக் செய்திருந்தான். சண்டை வேண்டாம் என்று இன்னும் ஒரு வாரம் சும்மா இருந்தேன். இது இரண்டாவது பெரிய தப்பு. சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே சொல்லியிருந்தால் கணக்கை முடக்கிப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு. நான் கூப்பிட்டபோது எல்லாம் எடுத்தாகிவிட்டது. சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிந்து எண் வாங்கியிருக்கிறேன். அங்கீகாரம் இல்லாமல் ரயில் டிக்கெட் விற்பது ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதால் 139லும் புகார் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒரு பைசா வரவில்லை.

போன வாரம் அதே குழுவில் அதே விளம்பரம் மறுபடி வந்தது. எண் வேறு. ஆனால் பாலத்தின் மேல் நீல ரயில் போகும் அதே படம், அதே "குழந்தைகளுக்கு சம்மர் சர்ப்ரைஸ்". சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன். "சொல்லுங்கண்ணா, பையனுக்கு எத்தனை வயசு?" என்றான்.