மூன்று பைன் அரைத்த பன்னிரண்டு வருடம்

"பைன்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்பவரை காகித ஆலையில் ஒரு நைட் ஷிஃப்ட் ரிஃபைனர் பக்கம் உட்கார வைக்க வேண்டும். நீராவியில் இளகிய மரச்சில்லைச் சுழலும் தட்டுகளுக்கு நடுவே அரைத்துக் காகிதக் கூழாக்குவதுதான் எங்கள் வேலை. நார்களை ஒட்டிப் பிடிக்கும் லிக்னினைக் கரைத்து வெளியேற்றுவதில்லை. மரத்தின் குணம், குறை எல்லாம் அப்படியே கூழில் வந்து நிற்கும்.

முதலில் நியூசிலாந்தில் ரேடியாட்டா. பூர்வீகம் கலிஃபோர்னியா என்றாலும் இங்கே கிட்டத்தட்ட 28 வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடுகிறது. இளமரமும் நுனிக்கட்டையும் வந்த நாளில் நார் மெல்லியது, தாள் வழவழப்பு, அச்சு அழகு. அறுவை மில்லிலிருந்து வெளிமரச் சில்லு வந்தாலோ நார் நீளம், தாள் கிழியாது, ஆனால் முரடு. பில்லில் இரண்டுக்கும் பெயர் ரேடியாட்டாதான்! லாரி மாறியது எங்களுக்குத் தெரிவது ஃப்ரீனஸ், அதாவது கூழிலிருந்து நீர் வடியும் வேகம், எகிறிய பிறகு. (சூடான நீரில் கலக்கி நாரின் சுருளை விடுவிக்காமலேயே ஃப்ரீனஸ் பார்த்துவிட்டு மரத்தைத் திட்டும் லேப் தம்பிகள் எல்லா ஊரிலும் உண்டு.)

அடுத்து அமெரிக்கத் தெற்கின் லாப்லாலி. கோடையில் வளரும் கருவளையத்தின் நார்ச்சுவர் தடிமன், எளிதில் நசுங்காது. நியூஸ்பிரிண்ட் தரத்துக்கு அரைக்க டன்னுக்கு 2000 யூனிட் மின்சாரத்தைத் தாண்டுவது எங்கும் சகஜம். இது அதற்கு மேலும் கேட்கும். பாதி அரைத்ததைக் கையில் பிழிந்தால் ரவையைப் பிசைந்த மாதிரி நெருடும். போதாததற்குப் பிசின். தாள் உருவாகும் வலையான வயரில் ஒட்டிக்கொண்டு மெஷினை நிறுத்தும், ஒட்டாமலிருக்க டால்க் பொடி போட்டே மாளாது.

மனசுக்குப் பிடித்தது கனடா மேற்கின் லாட்ஜ்போல். மெதுவாக வளர்ந்த மரம், வெளிர் நிறம், இந்த வேலைக்கு உகந்த ஸ்ப்ரூஸ் மரத்துக்கு அடுத்த வீடு என்றே சொல்லலாம். ஆனால் வண்டு அரித்துச் செத்து நின்ற மரம் வரத் தொடங்கியதும் கதை மாறியது. நீலம் பாய்ந்த கட்டையை வெளுக்கப் பெராக்சைடு செலவு கூடியது. அதைவிடப் பெரிய தொல்லை வறட்சி. காய்ந்த சில்லு இளகாது. நாராகப் பிரியாமல் நொறுங்கித் தூளாகும். ஓர் இரவு மோட்டார் லோடு ஊஞ்சலாடியது. கை வைப்பதற்குள் தட்டோடு தட்டு உரசி, புது செட் போயிற்று. அதன்பின் பச்சைச் சில்லு கலக்காமல் அதை நான் ஏற்றியதில்லை.

இப்போதெல்லாம் லாரி வந்தால் இனத்தைக் கேட்பதில்லை. ஒரு சில்லை ஒடித்துப் பார்க்கிறேன்: ஈரம் இருக்கிறதா, உள்மரமா வெளிமரமா.