ஐநேச்சுரலிஸ்ட் செயலி: படம் மட்டும் போதாது

உயிரினங்களைப் பதிவு செய்ய ஒரே ஒரு செயலிதான் என்றால் ஐநேச்சுரலிஸ்டைத்தான் சொல்வேன். 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது, இன்று இலாப நோக்கற்ற அமைப்பாக நடக்கிறது. கட்டணம் இல்லை.

படத்தைப் போட்டவுடன் செயலியே பெயரைச் சொல்லும். பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் பெரும்பாலும் சரியாக இருக்கும். சிலந்தி, ஈ, காளான் என்றால் தடுமாறும். ஐயம் இருந்தால் பேரினத்தோடோ குடும்பத்தோடோ நிறுத்திக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஒரு பதிவுக்கு ‘ஆய்வுத் தரம்’, அதாவது ஆய்வுக்கு உதவும் பதிவு என்ற தகுதி கிடைக்க, அதைப் பார்த்து அடையாளம் சொன்ன பயனர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். தெரியாமல் ஒருவர் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டால் அதைத் திருத்தப் பலர் வரவேண்டியிருக்கிறது. இந்தச் செயலியின் பெரிய பலவீனம் இதுதான்.

படம் எடுப்பதில்தான் பாதி வேலை. காளானை மேலிருந்து மட்டும் எடுத்தால் பயனில்லை. குடையின் அடிப்புற மடிப்புகள், தண்டு, தண்டின் அடி மூன்றும் தெரிய வேண்டும். ஆண் தும்பிக்கு வால் நுனியில் உள்ள பற்றுறுப்பைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் எடுங்கள். நெருங்கிய இனங்களைப் பிரிப்பது பல நேரம் அந்தச் சிறு கொக்கிதான். செடிக்கு இலையின் அடிப்புறமும் பூவும். ஒரு பதிவில் ஒரே உயிரினம். இரண்டு இனங்களை ஒன்றாகப் போட்டால் அடையாளம் சொல்பவர்கள் குழம்புவார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் போடாதீர்கள். அதில் தேதியும் இடமும் உதிர்ந்திருக்கும். அசல் கோப்பையே ஏற்றுங்கள். தொட்டிச் செடிக்கும் கூண்டுப் பறவைக்கும் ‘வளர்ப்பு’ என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் இனத்தின் பரவல் வரைபடமே பொய்யாகும்.

அமைப்புகளில் உரிமத்தையும் பாருங்கள். ‘எல்லா உரிமைகளும் எனக்கே’ என்றிருந்தால், ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஜிபிஐஎஃப் களஞ்சியத்துக்கு உங்கள் பதிவு போகாது. வணிகமல்லாத பயன்பாட்டை அனுமதித்தாலே போதும்.

மிகவும் பிடித்த ஏற்பாடு, அருகிவரும் இனங்களின் இடத்தை மறைப்பது. பல இனங்களுக்கு இது தானாகவே நடக்கும். சரியான புள்ளிக்குப் பதில், அட்ச, தீர்க்க ரேகைகளில் 0.2 பாகை பக்கமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். நிலநடுக்கோட்டருகே கட்டத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். ஆர்க்கிட் திருடுபவருக்கும் ஆமை பிடிப்பவருக்கும் வழி தெரியாது. ஆனால் குறிப்பில் ‘அருவிக்கு மேலே இரண்டாவது பாறை’ என்று நீங்களே எழுதிவிட்டால் செயலியால் ஒன்றும் செய்ய முடியாது. படத்தின் பின்னணியில் பெயர்ப்பலகை இருந்தால் வெட்டிவிட்டுப் போடுங்கள்.