மெடிக்கலில் விற்கும் இளமை: டியூப், டப்பா, டை – எதற்குக் காசு கொடுக்கலாம்?

மண்டபத்திலோ பாம்பனிலோ படகுக்குப் போய்வரும் அறுபது வயதுக்காரரின் பனியனை இரண்டு விரல் நகர்த்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் தோளுக்கு நாற்பது வயசுதான் மதிப்பீர்கள். பிடரியில் மட்டும் தண்ணீர் வற்றிய கண்மாய் மாதிரி கட்டம் கட்டமாக வெடிப்பு. இரண்டும் ஒரே நாளில் பிறந்த தோல்தான். ‘வயசு தெரியக்கூடாது, என்ன இருக்கு?’ என்று மெடிக்கலில் கேட்டால் மேசைமேல் வந்து விழும் சாமான்களை, அந்தப் பிடரியை மனசில் வைத்துக்கொண்டு எடைபோட வேண்டும்.

முதல் இடம் சன்ஸ்கிரீனுக்கு. மற்றதெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால். ராமேஸ்வரம் இருப்பது வடக்கே 9 டிகிரி சொச்சத்தில். சித்திரை பிறக்கும் சமயத்திலும், மறுபடி ஆகஸ்ட் கடைசியிலும், பகல் பன்னிரண்டேகால் வாக்கில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. மேலே இருந்து வருவது போதாதென்று காய்ந்த மணல் சுமார் 15 சதவீதம், அலை நுரை 25 சதவீதம் புற ஊதாக்கதிரைத் திருப்பி முகத்தில் அடிக்கும். குடைக்குள் நின்றாலும் தாடைக்குக் கீழே கருப்பது இதனால்தான்.

தோலைத் தளர்த்துவது பெரும்பாலும் புற ஊதாக்கதிரில் யூவிஏ என்ற வகை. சுடாது, எரியாது, மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். அமெரிக்காவில் 28 வருஷம் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது: ஜன்னலோரம் இருந்த இடது கன்னத்தில் மட்டும் தடித்த சுருக்கம், வலது கன்னம் பரவாயில்லை. நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் டிரைவர்கள் வலது கன்னத்தைக் கவனிக்கலாம். ஆஸ்திரேலியாவில் 900 பேருக்கு மேல் வைத்து நாலரை வருஷம் நடத்திய ஆய்வில், தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. சுருக்கம் தீரும் என்று விற்கிற டப்பாக்களில் இப்படிக் கணக்குக் காட்டக்கூடியவை குறைவு.

வாங்கும்போது டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு) எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். 30 என்றால் ஏறக்குறைய 97, 50 என்றால் 98 சதவீதம் தடுக்கும்; வித்தியாசம் அவ்வளவுதான். அதுவும் யூவிபி என்ற இன்னொரு வகைக் கதிருக்கான கணக்கு. யூவிஏவுக்கு ‘பிஏ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பாருங்கள். நாலு இருந்தால் நல்லது.

ஏமாறுவது அளவில்தான். பொட்டு வைக்கிற மாதிரி நாலு இடத்தில் தொட்டுத் தேய்த்துவிட்டு ‘இது வேலை செய்யலை’ என்பார்கள். லேபிளில் போட்டிருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த எண். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாக ஒரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். அது சுமார் ஒன்றேகால் கிராம். காலையில் ஒருதரம், மதியம் ஒருதரம் என்றால் 50 கிராம் டியூப் இருபது நாளில் தீர வேண்டும். ஆறு மாசம் வந்தது என்று யாராவது பெருமைப்பட்டால், அவர் பூசவில்லை என்று அர்த்தம். அதனால் விலை கூடின சின்ன டியூபைவிட, மனசு கோணாமல் பிதுக்கக்கூடிய விலையில் உள்ளதே மேல்.

காது மடல், பிடரி, புறங்கை மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். வயசை முதலில் காட்டிக்கொடுப்பது அவைதான். ஈர முகத்தில் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும். துடைத்துக் காயவிட்டுப் பூச வேண்டும். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று போட்டிருந்தாலும் தாங்குவது 40 அல்லது 80 நிமிஷம். 22 தீர்த்தமும் ஆடிவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தவர் மறுபடி முதலிலிருந்து பூச வேண்டியதுதான். வேர்வையோடு இறங்கிக் கண் எரிந்தால், புருவத்துக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் ஜிங்க் ஆக்சைடு உள்ள வகைக்கு மாறலாம். அது மாநிறத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். லேசாக நிறம் கலந்த வகையில் இரும்பு ஆக்சைடு இருக்கும்; சாம்பல் தெரியாது, கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கும் அதுதான் பொருத்தம், ஏனென்றால் மங்கைக் கருக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. டியூபை பைக் பெட்டியிலோ படகுத் தட்டிலோ வெயிலில் போட்டுவைத்து, பிதுக்கும்போது முதலில் தண்ணீர் வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

டியூபுக்குக் காசில்லை என்றால் துணி இருக்கிறது. பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைமேல் போடும் முழுக்கை ஆம்பளைச் சட்டை எந்தக் கிரீமுக்கும் சளைத்ததில்லை. நனைந்து ஒட்டிய வெள்ளைப் பனியன் மட்டும் கணக்கில் சேராது. கதிர் சுலபமாக நுழையும் துணி அது.

அடுத்து கொலாஜன் கிரீம், கடல்பாசி கிரீம். கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவு பெரிது. மேலே ஈரப்பசையாக உட்கார்ந்திருக்கும், கழுவினால் போகும். கடல்பாசி இன்னும் வேடிக்கை. இந்தக் கரையில் பாசி வளர்ப்பதே பெரும்பாலும் அதிலிருந்து கராஜீனன் எடுக்கத்தான், அது ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் சாமான். கிரீமிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. வறட்சிக்குத் தேங்காயெண்ணெயே போதும் என்று ஒரு ஆச்சி சொன்னால் மறுக்க ஒன்றும் இல்லை.

உண்மையிலேயே சுருக்கத்தைக் குறைக்கும் மருந்து ட்ரெட்டினாயின். டாக்டர் சீட்டுக்குத்தான் தர வேண்டும். 0.025 சதவீதத்தில் தொடங்கி, ராத்திரி முகம் காய்ந்த பிறகு ஒரு பட்டாணி அளவு, வாரம் இரண்டு நாள். தோல் உரிந்து சிவக்கும். அங்கேதான் பாதிப்பேர் நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாசம் ஆகும். பகலில் சன்ஸ்கிரீன் பூச மாட்டேன் என்பவர் இதைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

தொடவே கூடாத டப்பா எது என்றால், ஒரே வாரத்தில் வெளுக்க வைப்பது. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் சென்ட் பாட்டிலோடு சேர்ந்து வரும், உறையில் சேர்மானம் எழுதாத கிரீம். வெளுப்புக்குக் காரணம் பாதரசமாக இருக்கலாம், ஸ்டீராய்டாக இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலப்புரத்தில் வெளுக்கும் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகியதை மருத்துவர்கள் 2023இல் கண்டுபிடித்தார்கள். ஸ்டீராய்டு தோலை மெலியவைத்து, நரம்பு நரம்பாகச் சிவப்புக்கோடு காட்டி, நிறுத்தினால் முன்னைவிடக் கருக்கும். 2018இல் இருந்து ஸ்டீராய்டு களிம்புகளில் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடை எல்லா ஊரிலும் உண்டு.

டை விஷயத்துக்கு வரலாம். அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள் சலூனில் அடிக்கும் பவுடர் டை மலிவு, கருப்பு. கருமை தருவது பிபிடி என்கிற ரசாயனம். ‘அமோனியா இல்லை’ என்று எழுதியிருந்தால் பிபிடி இல்லை என்று ஆகாது. பத்து நிமிஷத்தில் கருக்கும் ‘கருப்பு மருதாணி’யும் அதே சரக்குதான். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது கணக்கில்லை; பல வருஷம் அடித்தவருக்கும் திடீரென்று இமை வீங்கிக் கண் மூடிக்கொள்ளும்.

பிபிடி ஒத்துவராதவருக்கு மருதாணி, அவுரி இரண்டும் தனித்தனியாக. மருதாணி முதலில், இரண்டு மணி நேரம். அலசிய பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பத்து நிமிஷம் விட்டு, மேல்பரப்பு நீலம் பூக்கும்போது பூசி இன்னும் ஒன்றரை மணி நேரம். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினாலோ, நேற்றே கரைத்து வைத்தாலோ பிடிக்காது. எடுத்த அன்று பச்சையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். இரண்டு நாளில் கருக்கும், அதுவரை ஷாம்பு கூடாது. உப்புப் போர் தண்ணீரில் அலசினால் முடி சொரசொரத்துச் சாயம் மங்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது அட்டைக்கருப்பு வேண்டாம், அடர் பிரவுன் வாங்குங்கள். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும். கருப்பு அடித்தவருக்குப் பத்தாம் நாளே வகிட்டில் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரியும், பிரவுனில் அது கலந்துபோகும். மீசைக்கு டை அடிப்பதை மட்டும் விட்டுவிடலாம். அஞ்சாம் நாளே அடிமுடி வெளுக்கும், அடிக்கடி அடிக்க வேண்டிவரும், ஒவ்வாமை வந்தால் உதட்டில்தான் முதலில் வீங்கும். நரையோடேயே ஒட்ட வெட்டிக்கொண்டால் சலூனில் ஆகும் நேரமும் ஐந்து நிமிஷம்தான்.