மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்: ‘ஜர்னி’ விளையாட்டின் இசைத் தொகுப்பு

‘ஜர்னி’ வீடியோ கேமின் இசைத் தொகுப்பில் 18 துண்டுகள் இருக்கின்றன. அதில் ஆறுக்குப் பெயர் ‘கன்ஃப்ளூயன்ஸ்’. தமிழில் சங்கமம். முக்கடல் சங்கமத்தைப் பேருந்துப் பலகையிலும் பள்ளிச் சுற்றுலாவிலும் பார்த்தே வளர்ந்த குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆனால் முதல்முறை கேட்கும்போது கை தானாகத் தாண்டப் பார்ப்பதும் இந்த ஆறைத்தான். குட்டிக் குட்டித் துண்டுகள், பெரிய மெட்டு கிடையாது, சட்டென்று முடிந்துவிடும். தாண்டாதீர்கள். காரணம் கீழே வரும்.

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வரி. தட்கேம்கம்பெனி என்கிற அமெரிக்க நிறுவனம் செய்து, 2012 மார்ச் 13 அன்று பிளேஸ்டேஷன் 3-இல் வெளியானது. பிறகு 2015-இல் பிளேஸ்டேஷன் 4, 2019-இல் கணினியும் ஐபோனும். ஆண்ட்ராய்டில் கிடையாது, அந்தப் பெயரில் யாராவது ஏபிகே கோப்பு அனுப்பினால் தொடாதீர்கள். சிவப்பு அங்கி போட்ட ஒரு உருவம், மணல்வெளி, தூரத்தில் உச்சியில் ஒளி தெரியும் ஒரு மலை. அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பேச்சு இல்லை, எழுத்து இல்லை, எதிரியைக் கொல்வதும் இல்லை. கதை சொல்லும் வேலையை இசைதான் பார்க்கிறது.

இசையமைத்தவர் ஆஸ்டின் வின்டோரி. ஏறத்தாழ மூன்று வருட வேலை. தொகுப்பின் முதல் துண்டான ‘நேசன்ஸ்’தான் அவர் முதலில் எழுதிய கருப்பொருள். டினா குவோ செல்லோவில் (வயலின் மாதிரி, ஆனால் பெரியது; உட்கார்ந்து வில்லால் வாசிப்பது) வாசித்த அந்த மெட்டு கடைசிவரை மாறவில்லை. மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்தவை. அதனால் முதல் இரண்டு நிமிடத்தைக் காது கொடுத்துக் கேட்டு மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு வரும் எல்லாத் துண்டிலும் அதே மெட்டு உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்கும். அதை அடையாளம் கண்டுபிடிப்பதில்தான் இந்தத் தொகுப்பின் பாதிச் சுவை.

வின்டோரி இதை ஒரு பெரிய செல்லோ கச்சேரி மாதிரி நினைத்திருக்கிறார். செல்லோ என்பது விளையாடுபவர். மற்ற வாத்தியங்களெல்லாம் அவரைச் சுற்றியிருக்கும் உலகம். தொடக்கத்தில் செல்லோ தனியாக நிற்கும், பின்னால் பெரும்பாலும் மின்னணு ஒலிகள்தான் இருக்கும். போகப்போக மின்னணு ஒலி விலகி, நிஜ வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். கடைசியில் முழு ஆர்கெஸ்ட்ரா எழும்பும்போது செல்லோ அதற்குள் கரைந்துவிடும். வாசித்தது மாசிடோனியா ரேடியோ சிம்பொனிக் ஆர்கெஸ்ட்ரா. தனி வாத்தியங்களில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா, யாழ் மாதிரியான ஹார்ப், தாழ்ந்த சுருதிப் புல்லாங்குழலான பேஸ் ஃப்ளூட், கூடவே ‘செர்பென்ட்’. இந்த செர்பென்ட் பாம்பு மாதிரி வளைந்த, மரத்தால் ஆன பழைய ஊதுகருவி. கொம்பு வாத்தியத்தை ஊதுவதுபோல உதட்டை வைத்து ஊத வேண்டும். இப்போது அதை வாசிப்பவர்கள் அபூர்வம். எந்த ஒரு நாட்டின் வாசனையும் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தேர்ந்தெடுத்த கூட்டணி இது. அது பலித்திருக்கிறது. பாலைவனம் என்றதும் அரபு மெட்டை அவிழ்த்துவிடும் சோம்பேறித்தனம் இதில் இல்லை.

விளையாட்டுக்குள் இந்த இசை எப்படி நடக்கிறது என்பதுதான் இதில் முக்கியமான சங்கதி. சினிமாவில் காட்சி 40 விநாடி என்றால் இசையும் 40 விநாடி. விளையாட்டில் அந்தக் கணக்கு நிற்காது. ஒருவர் மணல்மேட்டை அரை நிமிடத்தில் ஏறுவார், இன்னொருவர் அங்கேயே பத்து நிமிடம் சறுக்கி விளையாடுவார். நம்ம ஊர் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. சாமியாடிக்கு அருள் வருகிற நேரம் புலவர் கையில் இல்லையே! வரும்வரை அதே கட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பாடிக்கொண்டிருப்பார். குடமும் ஜால்ராவும் விடாமல் தாங்கிப் பிடிக்கும். அருள் வந்த மறுகணம் வீசுகோல் வேகம் பிடிக்கும், உடுக்கை ஏறும், கதை அடுத்த கட்டத்துக்குத் தாவும். ‘ஜர்னி’யில் புலவர் இடத்தில் கணினி நிரல் இருக்கிறது. நீங்கள் ஓர் இடத்தில் நிற்கிற வரை இசையின் ஒரு பகுதி சுழன்றுகொண்டே இருக்கும். எல்லையைத் தாண்டியதும் தையல் தெரியாமல் அடுத்த பகுதிக்கு மாறும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. இணையம் வழியே முகம் தெரியாத, பெயர் தெரியாத இன்னொரு ஆட்டக்காரர் பக்கத்தில் வந்தால், சில இடங்களில் ஹார்ப்பும் வயோலாவும் கூடுதலாகச் சேரும். அவர் விலகிப் போனால் அவையும் போய்விடும். ஆள் போனதைக் கண் கவனிக்கும் முன்பே காது கவனித்துவிடுகிறது.

இதனால் ஒரு சிக்கல். இப்படி நீண்டு சுருங்கும் இசையை அப்படியே பதிவு செய்து விற்க முடியாது. யூடியூபில் ‘முழு விளையாட்டு இசை’ என்று கிடக்கும் பதிவுகள் பல, யாரோ விளையாடியதிலிருந்து பிடித்தவை. அவர் நின்ற இடத்தில் இசையும் நிற்கும், நடுவில் மணல் சரியும் சத்தமும் வரும். 2012 ஏப்ரல் 10 அன்று வெளியான அதிகாரபூர்வத் தொகுப்பு வேறு. முக்கியமான பகுதிகளை எடுத்து, விளையாடாதவருக்கும் தொடர்ச்சி புரியும்படி வின்டோரியே கோத்துக் கொடுத்தது. மொத்தம் 58 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஆறு சங்கமங்களின் வேலை இங்கேதான் தெரியும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் வெள்ளை அங்கி அணிந்த பெரிய உருவம் ஒன்று வந்து நிற்கும் காட்சிகளுக்கானவை அவை. தொகுப்பில் மூச்சு வாங்கும் இடங்கள். இவற்றைத் தாண்டிவிட்டால் பெரிய துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி, எல்லாம் ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றும்.

தனித்தனியாகப் பார்த்தால், ‘தி ரோட் ஆஃப் ட்ரையல்ஸ்’ மணலில் சறுக்கிப் போகும் பகுதி. தொகுப்பிலேயே கால் தாளம் போடவைக்கும் துண்டு இதுதான். ‘டெசென்ட்’ பூமிக்கு அடியில் இறங்கும் இடம். இருட்டு காதிலேயே தெரியும். ‘நேடிர்’ பனிமலை. அங்கே இசை முன்னேறாது, தேயும். மெட்டு துண்டு துண்டாக உடைந்து, நடக்க முடியாதவர் காலை இழுப்பது மாதிரி இழுத்து, அப்படியே அடங்கிவிடும். அந்த அடக்கத்துக்குப் பிறகு ‘அப்போதியோசிஸ்’. ஏழு நிமிட அளவு. சிகரத்தில் பறக்கிற பகுதி. ‘நேசன்ஸ்’ மெட்டு இங்கே முழு ஆர்கெஸ்ட்ராவோடு திரும்பி வருகிறது. இது ஒன்றை மட்டும் பிளேலிஸ்ட்டில் போட்டுக் கேட்பவர்கள் உண்டு. அதுவும் கொள்ளாம்தான். ஆனால் ‘நேடிர்’ இல்லாமல் இதைக் கேட்பது பசியில்லாமல் சாப்பிடுவது மாதிரி.

குறை இல்லாமல் இல்லை. ‘டெம்ப்டேஷன்ஸ்’ இருக்கும் நடுப்பகுதியில் தொகுப்பு சற்றுத் தொய்கிறது. திரையில் படம் ஓடும்போது தெரியாத தொய்வு, தனியே கேட்கும்போது தெரிகிறது. கடைசித் துண்டான ‘ஐ வாஸ் பார்ன் ஃபார் திஸ்’ இன்னொரு விவகாரம். லிஸ்பெத் ஸ்காட் பாடியது. லத்தீன், பழைய ஆங்கிலம், பிரெஞ்சு, ஜப்பான், கிரேக்கம் என்று ஐந்து மொழி வரிகள். வர்ஜிலின் காவியம், ‘பேயோவுல்ஃப்’, ஜோன் ஆஃப் ஆர்க் சொன்னதாக வழங்கும் வாக்கு, பாஷோவின் ஹைக்கூ, ‘இலியட்’ ஆகியவற்றிலிருந்து எடுத்தவை. யோசனை அழகுதான். ஆனாலும் ஒரு மணி நேரம் சொல்லே இல்லாமல் சாதித்ததை, கடைசியில் சொல்லை வைத்துப் பூட்ட வேண்டுமா என்று தோன்றத்தான் செய்கிறது. குரல் நன்றாக இருக்கிறது. மெட்டு அதைவிட நன்று.

வீடியோ கேம் இசை ஒன்று கிராமி விருதில் காட்சி ஊடகங்களுக்கான சிறந்த பின்னணி இசைப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது இதுதான் முதல்முறை. விருது கிடைக்கவில்லை. 2013-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

இனி கேட்கும் முறை. பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான்.

இந்தத் தொகுப்பில் மெல்லிய இடத்துக்கும் பலத்த இடத்துக்கும் வித்தியாசம் அதிகம். ‘நேசன்ஸ்’ சரியாகக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால், ‘அப்போதியோசிஸ்’ வரும்போது காதைப் பிளக்கும். அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் ‘அப்போதியோசிஸ்’ துண்டின் பின்பாதியை ஓடவிட்டு, அது முழங்கும் ஆனால் உறுத்தாத அளவில் சத்தத்தை வையுங்கள். பிறகு முதல் துண்டுக்குப் போய், கடைசிவரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். அந்த அளவில் தொடக்கம் கேட்கவில்லை என்றால் குறை இசையில் இல்லை, அறையில் இருக்கிறது. முதல் குற்றவாளி மின்விசிறி. முழு வேகத்தில் சுழலும் விசிறியின் காற்றொலி, செல்லோவின் வில் உரசும் ஓசையை அப்படியே தின்றுவிடும். மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட வீடுகளில் ஜூன் சாரலிலும் ஐப்பசி மழையிலும் இதைக் கேட்க முயல்வது வீண். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் காலநிலை பார்த்துத்தான் ஆக வேண்டும். பக்கத்தில் கொடையோ, கோயில் அல்லது சர்ச் திருவிழாவோ நடந்து குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் அந்த வாரம் விட்டுவிடுங்கள்.

போன் ஸ்பீக்கரில் கேட்கவே வேண்டாம். செல்லோவின் அடிக் கம்பி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ், வயோலாவின் அடிக் கம்பி 130. கையளவு போனின் ஸ்பீக்கர் இவற்றை எட்டாது. மேல் ஒலிகள் மட்டும் வரும், மூளை மீதியை ஊகித்துக்கொள்ளும். காதுக்குள் செருகும் இயர்போன் என்றால் ரப்பர் முனையின் அளவு சரியாக இருக்க வேண்டும். சிறியதைப் போட்டால் இடைவெளி வழியே அடி ஒலி கசிந்து, இசை தகரம் மாதிரி கேட்கும். பெட்டியில் வரும் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு அளவு தேவைப்படுவது சகஜம்தான். பேஸ் பூஸ்ட், சரவுண்ட் எதையும் போடாதீர்கள். 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை ஊதிப்போய், செல்லோவும் பேஸ் ஃப்ளூட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிவிடும்.

வீட்டு ஆம்ப்ளிஃபையரில் கேட்பவர்கள் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலைக் கவனிக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரைச்சல் 50-இலும் அதன் இரட்டிப்பான 100-இலும் வரும். செல்லோவின் இரண்டாவது தாழ்ந்த கம்பி 98. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, அதனால் மெட்டு அழுக்காகிவிடும். கேபிள் டிவி ஒயரை செட்டாப் பெட்டியிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுதான், தரை இணைப்புச் சுழல்: இரண்டு வழியில் எர்த் ஆவதால் ஒயர்களுக்குள் சுற்றிவரும் மின்னோட்டம். டிவி, பெட்டி, ஆம்ப் மூன்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினால் பெரும்பாலும் குறையும். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகும் வித்தையைச் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

பாட்டு கேட்கும் ஆப்பில் மாற்ற வேண்டியவை மூன்று. ஒரு துண்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்துவிடும் கிராஸ்ஃபேடை நிறுத்துங்கள், ‘நேடிர்’ அடங்கி ‘அப்போதியோசிஸ்’ தொடங்குவதற்கு நடுவில் உள்ள மௌனத்தை ஐந்து விநாடி கிராஸ்ஃபேட் கொன்றுவிடும். துண்டுகளுக்கு நடுவே ஆப் தானாக இடைவெளி விடாமல் ஓட்டும் கேப்லெஸ் வசதி இருந்தால் போடுங்கள். சத்தத்தைச் சமன்படுத்தும் நார்மலைசேஷனை அணையுங்கள், அல்லது ஆல்பம் வகையில் வையுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சமன்படுத்தினால் பனிமலையும் சிகரமும் ஒரே உயரம் ஆகிவிடும்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போகும் நேரத்துக்குள் தொகுப்பு முழுவதும் முடிந்துவிடும். இரைச்சல் நீக்கும் ஹெட்போன் இருந்தால் வண்டி உறுமலைக் குறைக்கும். ஆனால் ஜன்னலோர இருக்கையில், அதுவும் திருநெல்வேலிப் பக்கம் போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தல் வரை சேர்த்து அடிக்கிற இடத்தில், அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். வெளி மைக்கில் காற்று மோதி, ‘தொம் தொம்’ என்று காதுக்குள்ளேயே அடிக்கும். விளையாடும்போது புளூடூத்தும் வேண்டாம். ஒலி சில நூறு மில்லி விநாடி பிந்தி வரும்; உருவம் கூவுவதற்குப் பொத்தானை அழுத்தினால் கூவல் தாமதமாகக் கேட்டு, கூடவரும் ஆட்டக்காரருக்குப் பதில் கொடுக்கிற சுகமே போய்விடும். ஒயர் போதும்.

விலைக்கு வாங்குவதென்றால் தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் வடிவம் 300 எம்பி அளவுக்கு வரும். 320 கேபிபிஎஸ் எம்பி3 ஏறத்தாழ 140 எம்பி. நல்ல இயர்போனிலும் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், இடம் இல்லையென்றால் எம்பி3-யே எடுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் கார்டு தோற்றால், வங்கி ஆப்பில் இன்டர்நேஷனல் பரிவர்த்தனை அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2022-இல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து ‘டிராவலர்’ என்று புது வடிவமும் வந்தது. பிரம்மாண்டம், ஆனால் தொடக்கத்திலிருந்தே கூட்டம் அதிகம்; செல்லோவின் தனிமை குறைந்துவிடுகிறது. 2014-இல் வந்த ராபர்ட் தீஸின் பியானோ வடிவம் ‘டிரான்ஸ்ஃபிகரேஷன்’ இரவுக்கு ஏற்றது. இரண்டையும் மூலத்தைக் கேட்டபின் தொடுங்கள்.

ஆப்பில் ஆட்டோபிளேயையும் முன்கூட்டியே அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பாட்டு முடிந்த அடுத்த விநாடி, அது எங்கிருந்தோ ஒரு குத்துப்பாட்டைக் கொண்டுவந்து போட்டுவிடும்.